சண்டை விதிகள்: படிப்பது, தீர்ப்பது, திருத்துவது

மேசையில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை சண்டையின் நடுவில்தான் கிளம்பும். கடைக்காரரிடம் பேரம் பேசும் காட்சியில் யாரும் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதில்லை. ஓநாய் பாய்ந்து, ஒருவரின் பாத்திரத்துக்கு மூன்று ஹிட் பாயிண்ட் மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான் "விதி அப்படி இல்லையே" என்று ஒரு குரல் எழும். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரத்தின் உயிர் அந்த இடத்தில் ஊசலாடுகிறது. ஆகவே அந்தக் குரலை ஆட்டத்தை நடத்தும் டிஎம் மதிக்க வேண்டும், அதற்குப் பதில் சொல்லும் தயாரிப்போடும் இருக்க வேண்டும்.

நான் மனதில் வைத்து எழுதும் மேசை ஓசூரில் ஒரு வாடகை வீட்டின் மாடியில், ஞாயிறு பிற்பகலில் கூடுவது. இருவர் சிப்காட் ஆலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். ஒருவர் தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வருபவர். இன்னும் இருவர் கல்லூரி மாணவர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பேச்சில் கலந்து வரும். கையில் மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். இந்த மூன்று மணி நேரத்துக்குப் பொருந்தும்படி சண்டை விதிகளைப் படிப்பதும் மாற்றுவதும் எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

எந்த மாற்றத்துக்கும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: இதற்குப் பிறகு ஆட்டக்காரர் யோசித்து எடுக்கும் முடிவுக்கு மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் மாற்றுங்கள். குறைந்தால், எவ்வளவு பரபரப்பாகத் தோன்றினாலும் விட்டுவிடுங்கள்.

முதலில் அச்சில் இருப்பதைப் படியுங்கள்

எடுத்துக்காட்டுகள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து வருகின்றன. 2014இல் வந்த புத்தகம் ஒன்று, 2024இல் திருத்தி வெளியிட்டது இன்னொன்று. இரண்டும் ஒரே மேசையில் கிடக்கும். பாதி சண்டைகளுக்குக் காரணமே இதுதான். பதுங்கித் தாக்கும் விதியைப் பாருங்கள். 2014 புத்தகப்படி, எதிர்பாராமல் மாட்டிக்கொண்டவரால் தன் முதல் முறையில் நகரவோ ஆக்ஷன் எடுக்கவோ முடியாது. 2024இல் அவருக்கு இனிஷியேட்டிவ் பகடையில் டிஸ்அட்வான்டேஜ் மட்டும்தான். முதல் புத்தகப்படி பதுங்கினால் ஒரு சுற்று முழுக்க இலவசம். இரண்டாவதன்படி கொஞ்சம் முந்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். எந்தப் புத்தகம் என்று முதல் நாளே முடிவெடுத்துச் சொல்லிவிடுங்கள்.

புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அச்சடிக்கலாம், தமிழிலோ தெலுங்கிலோ எழுதிப் பரப்பலாம். உங்கள் மேசைக்குத் தேவையான சண்டைப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். எதிரே தாள் இருந்தாலே பாதி வாக்குவாதம் குறையும்.

தவறாகப் படிக்கப்படும் விதிகளில் முதலிடம் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்குக்குத்தான். எதிரியின் கைக்கெட்டும் தூரத்தை விட்டு வெளியே போகும்போது மட்டுமே அந்த அடி விழும். அந்தத் தூரத்துக்குள்ளேயே எதிரியைச் சுற்றி வந்தால் விழாது. பழைய 3.5 பதிப்பில், எதிரி எட்டிப்பிடிக்கக்கூடிய கட்டத்தை விட்டு நகர்ந்தாலே அடி விழும். அந்தக் காலத்தில் ஆடப் பழகியவர்கள் அதே நினைப்பில் இன்றும் அசையாமல் நிற்பார்கள்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவர்களும் அவர்களைப் பார்த்து அசையாமல் நிற்பார்கள். சண்டை ஒரே இடத்தில் உறைந்துவிட்டதாகத் தோன்றினால், புதிய விதி எதையும் சேர்க்க வேண்டாம். இந்த ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டினால் போதும்.

இன்னும் சில, சுருக்கமாக. கிரிட்டிகல் ஹிட்டில் பகடை மட்டும் இரட்டிப்பாகும், கூட்டும் எண் இரட்டிப்பாகாது. இருபது விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதல் பகடைக்கு உரியது. பூட்டை உடைக்கும் முயற்சிக்கு அது கிடையாது. போனஸ் ஆக்ஷனில் மந்திரம் போட்டால், 2014 விதிப்படி அதே முறையில் வேறு மந்திரமாகக் கேன்ட்ரிப் ஒன்றை மட்டுமே ஆக்ஷனாகப் போடலாம். மேசையில் "ரொம்ப பவர்ஃபுல்" என்று குற்றம் சாட்டப்படும் மந்திரவாதிகள் பலர் இந்த வரியை மறந்ததால் அப்படி ஆனவர்கள்.

தீர்ப்பும் திருத்தமும்

தீர்ப்பு வேறு, திருத்தம் வேறு என்பதைச் சிப்காட்டில் வேலை பார்க்கும் யாருக்கும் நீளமாக விளக்க வேண்டியதில்லை. ட்ராயிங்கில் போட்ட அளவு ஒன்று, லைனில் வந்து நிற்கும் பாகம் வேறு. அப்போது ஷாப் ஃப்ளோரில் யாரும் ட்ராயிங்கை அடித்துத் திருத்துவதில்லை. அந்த லாட்டுக்கு மட்டும் டீவியேஷன் வாங்கி ஓட்டுவார்கள். அதே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தால் டிசைன் ஆட்களோடு உட்கார்ந்து பேசி ட்ராயிங் ரிவிஷன் போடுவார்கள். மேசையிலும் இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள். சண்டையின் நடுவே சொல்வது தீர்ப்பு: இந்த ஒரு தருணத்துக்கு மட்டும். இரண்டு ஆட்டத்துக்கு இடையே, எல்லோரும் பேசி, தேதி போட்டு எழுதுவது திருத்தம்.

தீர்ப்பு இரண்டு நிமிடத்துக்குள் வர வேண்டும். வரி கண்ணில் படவில்லையா, ஆட்டக்காரருக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். "இன்னைக்கு இப்படி வச்சுக்கலாம், அடுத்த வாரம் பார்த்துச் சொல்றேன்" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றும். ஆனால் அடுத்த வாரம் மறக்காமல் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

விதியா, நடுவரின் மதிப்பீடா என்ற இந்த இழுபறி இன்று நேற்று வந்ததில்லை. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் போர்ப்பயிற்சிக்காக வெளியிட்ட கிரீக்ஸ்ஸ்பீல் ஆட்டத்தில் துருப்பு நகரும் தூரம், சுட்டால் விழும் ஆட்கள் எல்லாவற்றுக்கும் பகடையும் அட்டவணையும் உண்டு. ஆட்டம் மெதுவாகிக்கொண்டே போக, 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி வேறு முறையை முன்வைத்தார்: அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள், போர் அனுபவம் உள்ள நடுவர் பார்த்து முடிவு சொல்லட்டும். இரண்டு தரப்பும் சரிதான். நடுவருக்கு அனுபவமும் ஆட்டக்காரர்களின் நம்பிக்கையும் இருந்தால் இரண்டாவது முறை வேகமானது. அந்த நம்பிக்கை இன்னும் உருவாகாத மேசையில் அட்டவணைதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் ஆட்டத்தின் வழியாக, 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டி அண்ட் டி வெளியிட்டபோது, இரண்டு வழிகளும் அதற்குள் சேர்ந்தே வந்தன. புதிய குழுவோடு உட்காரும் டிஎம் முதல் சில மாதம் அட்டவணைப் பக்கம் சாய்ந்து நிற்பது நல்லது.

எண்ணைப் போட்டுப் பாருங்கள்

மேசையில் அடிக்கடி வரும் கோரிக்கை இது.

"அண்ணா, நான் ஒரு பக்கம், அவன் அந்தப் பக்கம். நடுவுல ஓகர். ஃப்ளாங்கிங் அட்வான்டேஜ் கொடுங்க."

டிஎம்முக்கான 2014 புத்தகத்தில் ஃப்ளாங்கிங் விருப்ப விதியாகவே இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றால் இருவருக்கும் அட்வான்டேஜ். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். காகிதத்தை எடுத்து எண்ணைப் போடுங்கள்.

எடுத்துக்காட்டாக, தாக்கும் எண் +5, எதிரியின் ஏசி (கவச எண்) 15 என்று வையுங்கள். பகடையில் பத்து அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 55 சதவீதம். அட்வான்டேஜில் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கிறோம். இரண்டும் தவறும் வாய்ப்பு 45 சதவீதத்தில் 45 சதவீதம், சுமார் 20. ஆக 80 சதவீதம் அடி விழும். கிரிட்டிகல் வாய்ப்பும் 5 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 10 ஆகிறது. ஒரு கட்டம் தள்ளி நின்றதற்கு இவ்வளவு பெரிய பரிசு.

இப்போது முதல் பகுதியில் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் பற்றிப் படித்ததை இதோடு சேருங்கள். எதிரியைச் சுற்றி வருவதற்கு இந்தப் பதிப்பில் எந்த அடியும் விழாது. அப்படியானால் பின்னால் போய் நிற்பது செலவே இல்லாத செயல். செலவில்லாத செயலை யாரும் "முடிவு" என்று எடுப்பதில்லை. எல்லோரும் எல்லாச் சுற்றிலும் செய்வார்கள். பார்பேரியன் தன்னைத் திறந்துவைத்துக்கொண்டு ஆவேசமாக அடித்து வாங்கும் அட்வான்டேஜுக்கும், மந்திரவாதி ஒரு ஸ்லாட்டைச் செலவழித்து வாங்கித்தரும் அட்வான்டேஜுக்கும் விலை போய்விடுகிறது. கூட்டமாய் வேட்டையாடும் ஓநாய்க்கென்றே இருந்த தனிச்சிறப்பு தெருவில் போகிற எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது.

கோப்ளின்கள் என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். ஐந்து பேர் குழுவை எட்டு கோப்ளின் சூழ்ந்தால் ஃப்ளாங்கிங் அதிகம் கிடைப்பது கோப்ளினுக்குத்தான். +4 எண்ணோடு ஏசி 16 கொண்ட பாத்திரத்தை அடிக்க 45 சதவீத வாய்ப்பு இருந்தது. அது 70 சதவீதம் ஆகிவிடும். கேட்ட ஆட்டக்காரரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவரே கோரிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இல்லை, சூழ்ந்து நிற்பதற்கு ஏதாவது வேண்டும் என்றால் அட்வான்டேஜுக்குப் பதில் +2 கொடுங்கள். 55 என்பது 65 ஆகும், கோப்ளினின் 45 என்பது 55 ஆகும். நகர்வதற்குக் காரணம் கிடைக்கிறது, மற்ற திறமைகள் செத்துப்போவதில்லை. என் மேசைக்கு இதுவே சரி என்பது என் முடிவு.

இதே கணக்கை "ஒன்று விழுந்தால் வாள் கைநழுவும்" என்ற விதிக்கும் போடுங்கள். முதல் நிலை ஃபைட்டர் ஒரு முறைக்கு ஒரு அடி அடிக்கிறார். ஒன்று விழும் வாய்ப்பு 5 சதவீதம். பதினோராம் நிலைக்கு வந்தால் மூன்று அடி. மூன்றில் ஒருமுறையாவது ஒன்று விழும் வாய்ப்பு 14 சதவீதத்துக்கு மேல். வாழ்நாள் முழுக்க வாள் பிடித்தவர் ஏழு சுற்றுக்கு ஒருமுறை வாளைக் கீழே போடுவார், சண்டையே தெரியாதவர் இருபதுக்கு ஒருமுறை போடுவார் என்றாகிறது. அதே நேரம், சேவ் கேட்கும் மந்திரம் போடும் மந்திரவாதிக்குத் தாக்குதல் பகடையே இல்லை, அவருக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. இந்த விதியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

விழுந்து விழுந்து எழும் பாத்திரம்

இன்னொரு பழைய புகார்: ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்குப் போய் விழுந்தவரைத் தோழர் தூரத்திலிருந்தே ஹீலிங் வேர்ட் போட்டு எழுப்புகிறார், எழுந்து அடிக்கிறார், மறுபடி விழுகிறார். மரண பயம் போய்விடுகிறது. அதற்கு மருந்தாகப் பல மேசைகளில் சொல்லப்படுவது, ஒவ்வொரு முறை எழும்போதும் எக்ஸாஷன் ஒரு படி ஏறும் என்ற திருத்தம்.

யார் விலை கொடுக்கிறார் என்று பாருங்கள். விழுவது முன்னால் நின்று அடி வாங்குபவர். 2014 விதியில் மூன்றாம் படியில் தாக்குதலுக்கும் சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ், ஆறாம் படியில் சாவு. நீண்ட ஓய்வு ஒன்றுக்கு ஒரு படிதான் இறங்கும். அடுத்த நாள் முழுக்க அந்த ஒருவர் மட்டும் முடங்கிக் கிடப்பார். முன்னால் நிற்பது முட்டாள்தனம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அடுத்த பாத்திரம் வில் தூக்கிக்கொண்டு வரும்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. விழுவதற்கு முன்னால் குணப்படுத்துவது லாபமாக இல்லாததால்தான் எல்லோரும் விழும்வரை காத்திருக்கிறார்கள். அதைத் திருத்துங்கள். மருந்துக் குப்பியைத் தானே குடிக்க ஆக்ஷனுக்குப் பதிலாகப் போனஸ் ஆக்ஷன் போதும் என்று வையுங்கள். 2024 புத்தகம் இதையே விதியாக்கிவிட்டது. நின்றுகொண்டிருப்பவருக்குச் செய்யும் மருத்துவத்தில் பகடை உருட்டாமல் உச்ச எண்ணைக் கொடுங்கள், விழுந்தவருக்கு மட்டும் உருட்டுங்கள். இப்போது "யாரை, எப்போது" என்பது யோசிக்க வேண்டிய கேள்வி ஆகிறது. தண்டனை யாருக்கும் இல்லை.

தொறு மீட்கும் சண்டை

சண்டைகள் சலிப்பூட்டுவதற்கு விதிகளை விடப் பெரிய காரணம், ஒவ்வொரு சண்டையும் ஒரு பக்கம் முழுக்க சாகும்வரை நடப்பது. நம் ஊர்ப் பக்கம் இதற்கு வேறு மாதிரியைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்திலிருந்தே நட்ட இந்தக் கற்களில் பல, ஆநிரை கவரும் சண்டையிலோ மீட்கும் சண்டையிலோ இறந்தவர்களுக்கு எடுத்தவை. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை மீட்டபோது பட்டான் என்று கல் சொல்லும். தொறு என்றால் மாட்டு மந்தை. எதிரியை ஒழிப்பது அங்கே நோக்கமாக இருக்கவில்லை. மாடு எந்தப் பக்கம் போகிறது என்பதே சண்டை.

இதை மேசைக்குக் கொண்டுவாருங்கள். வரைபடத்தில் மந்தையை மூன்று குழுவாக வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காய். கவர வந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஆக்ஷன் செலவழித்தால் ஒரு குழு 20 அடி நகரும். 120 அடி தள்ளிக் காடு. யாரும் தடுக்காவிட்டால் ஆறு சுற்றில் அந்தக் குழு கைவிட்டுப் போய்விடும். ஆட்டக்காரர் ஆக்ஷன் கொடுத்து, விலங்குகளைக் கையாளும் திறனில் 12 எடுத்தால் குழுவை நிறுத்தலாம் அல்லது திருப்பலாம். அறுபது அடிக்குள் நெருப்போ இடியோ வெடித்தால் மந்தை மிரண்டு, எட்டுமுகப் பகடை காட்டும் திசையில் 40 அடி ஓடும். வழியில் நிற்பவர் சேவ் போட வேண்டும், தோழரானாலும் சரி. ஃபயர்பால் வைத்திருப்பவர் முதன்முறையாக அதைப் போடலாமா வேண்டாமா என்று நிஜமாகவே யோசிப்பார். ஒரு குழுவைக் காப்பாற்றினாலும் ஓரளவு வெற்றி, மூன்றையும் காப்பாற்றினால் முழு வெற்றி. சண்டைக்கு இடைப்பட்ட முடிவுகள் கிடைத்துவிட்டன.

கூடவே மன உறுதி விதியைச் சேருங்கள். 1981இல் வந்த பேசிக் பதிப்பில் இது இருந்தது. ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஓர் எண். ஒரு தரப்பில் முதல் ஆள் இறக்கும்போது ஒருமுறை, பாதிப் பேர் விழும்போது ஒருமுறை, இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். எண்ணைத் தாண்டினால் ஓடிவிடுவார்கள் அல்லது சரணடைவார்கள். எண் 7 உள்ள கொள்ளையர் ஒரு சோதனையில் நிற்கும் வாய்ப்பு 58 சதவீதம்; இரண்டிலும் நிற்பது 34 சதவீதம். மூன்று சண்டைக்கு இரண்டு பாதியிலேயே முடிந்துவிடும் என்று பொருள். ஓடுபவரைத் துரத்துவதா, மாட்டைப் பார்ப்பதா என்று அடுத்த கேள்வியும் தானாக வருகிறது. பிணங்களையும் பேய்களையும் இந்த விதியிலிருந்து விலக்கிவிடுங்கள். பயம் இல்லாத எதிரி எவ்வளவு பயங்கரம் என்பது அப்போதுதான் தெரியும்.

செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில் உள்ள நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரே கல்லில் இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்ற செய்தியும் இருக்கிறது. விதித்தொகுப்பில் காவல் நாய்க்கு ஏசி 12, ஹிட் பாயிண்ட் ஐந்து. ஒரே அடியில் போய்விடும். ஆட்டக்காரர் தன் நாய்க்கு இன்னும் ஹிட் பாயிண்ட் கேட்பார். கொடுக்க வேண்டாம், அந்த நாயின் வேலை வேறு. அது கடித்தால் எதிரி வலிமைச் சேவில் 11 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழுவார். விழுந்தவரைப் பக்கத்தில் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ். கோவிவன் செய்ததும் அதுதான். எதிரிகள் எப்படி நடப்பார்கள் என்பதில் மட்டும் ஒரு திருத்தம் போதும்: கடிபடும்வரை யாரும் நாயை முதல் குறியாக வைக்க மாட்டார்கள். இதை ஆட்டக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எப்போது ஏவுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

கிருஷ்ணகிரி மலையில் ஏணி

கோட்டைச் சண்டை நடத்த விரும்பினால் கற்பனை நாட்டு வரைபடம் தேட வேண்டாம். 1791 நவம்பரில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. கீழ்க்கோட்டை விழுந்தது. ஓடுகிறவர்களோடு சேர்ந்தே மேல்கோட்டை வாசலுக்குள் புகுந்துவிடத் தாக்கியவர்கள் முயன்றார்கள். வாசல் அதற்குள் மூடிக்கொண்டது. ஏணி வைத்தார்கள், மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகள் ஏணியையும் ஆட்களையும் நசுக்கின. படை திரும்பியது. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது.

இந்தச் சண்டையை அச்சிட்ட விதிப்படி அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? பாறை உருட்டுவதைத் தாக்குதல் பகடையாக வைத்தால் நல்ல கவசம் போட்டவர்மேல் பாறை "தவறிப்போகும்". கவசம் பாறையைத் தடுக்காது. சேவ் கேளுங்கள். 30 அடி உயரத்திலிருந்து விழுந்தால் மூன்று ஆறுமுகப் பகடை, சராசரி பத்தரை. முதல் நிலைப் பாத்திரம் நொறுங்கும், பத்தாம் நிலைப் பாத்திரம் தூசி தட்டிக்கொண்டு எழும். விழும் சேதத்தைக் கூட்டத்தான் எல்லா டிஎம்முக்கும் முதலில் தோன்றும். அது தேவையில்லை. அந்த மலையில் தாக்கியவர்களைத் தோற்கடித்தது நேரம்.

ஆகவே இப்படி வையுங்கள். வாசல் மூன்றாம் சுற்றின் முடிவில் மூடும். இதை ஆட்டக்காரர்களுக்குத் தெரியும்படி சொல்லுங்கள், கதவு அசைவது கண்ணில் படத்தானே செய்யும். ஏறுவதற்கு அடிக்கு ஓரடி கூடுதலாகச் செலவாகும் என்பதால் 30 அடி வேகம் உள்ளவர் ஒரு முறையில் 15 அடிதான் ஏறுவார்; டாஷ் எடுத்தால் 30 அடியும் ஏறிவிடலாம், ஆனால் அந்தச் சுற்றில் அடிக்க முடியாது. மேலே இருப்பவர் இருவர் சேர்ந்து ஒரு பாறை உருட்டுவார்கள். ஏணியில் இருப்பவர் எல்லோரும் வலிமைச் சேவில் 13 எடுக்க வேண்டும். தவறியவர் கீழே விழுவார். ஏணிக்கு ஏசி 15, ஹிட் பாயிண்ட் 18. பாறை ஒவ்வொன்றும் இரண்டு பத்துமுகப் பகடைச் சேதத்தை ஏணிக்கும் கொடுக்கும். இரண்டு ஏணிக்கு மேல் கொடுக்காதீர்கள். பத்தாம் நிலை வீரருக்கும் இப்போது பாறை வலிக்கும், ஏனென்றால் அவர் இழப்பது ஒரு சுற்றை. வாசலுக்கு ஓடுவதா, ஏணி தூக்குவதா, மேலே நிற்பவர்களை அம்பால் அடக்குவதா என்று மேசையே விவாதிக்கும். அந்த விவாதத்துக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், குறுக்கிடாதீர்கள்.

மூன்று மணி நேரம்

ஐந்து ஆட்டக்காரர், ஆளுக்கு இரண்டு நிமிடம், டிஎம்முக்கு நாலு நிமிடம். ஒரு சுற்றுக்குப் பதினாலு நிமிடம் ஆகும். நாலு சுற்றுச் சண்டை ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். இதைக் குறைக்கப் புதிய விதி வேண்டியதில்லை, பழக்கம் போதும். தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். எதிரிகளின் சேதத்தை உருட்டவே வேண்டாம்: கோப்ளின் வாளுக்கு 5, ஓகரின் கதைக்கு 13 என்று சராசரி 2014 புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே இனிஷியேட்டிவ். அடுத்து யார் என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நேரம் நெருங்கும்போது டிஎம்முக்கு ஒரு ஆசை வரும்: எதிரியின் ஹிட் பாயிண்டை யாருக்கும் தெரியாமல் குறைத்து முடித்துவிடலாம். செய்யாதீர்கள். ஆட்டக்காரர் சேர்த்துவைத்த ஸ்லாட், சரியான நேரத்துக்குக் காத்திருந்த அம்பு எல்லாம் அந்த நொடியில் அர்த்தம் இழக்கும். என்றாவது ஒருநாள் அவர்களுக்குத் தெரியவும் வரும். வேண்டிய தளர்வு புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. 2014 புத்தகத்தின் ஓகருக்கு 59 என்பது சராசரி மட்டுமே. பகடைக் கணக்கு 28 முதல் 91 வரை போகும். சண்டை தொடங்கும் முன் 40 என்றோ 75 என்றோ உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்துத் தாளில் எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு தொடாதீர்கள். நேரம் போதாவிட்டால் மன உறுதிச் சோதனையை எல்லோர் கண்முன்னும் உருட்டுங்கள், அல்லது வரைபடத்தைப் போட்டோ எடுத்துவைத்து அடுத்த ஞாயிறு தொடருங்கள்.

திருத்தம் ஒவ்வொன்றையும் மூன்று ஆட்டத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். முதல் ஆட்டத்தில் எதிரிகளே அதை முழு மூச்சாகப் பயன்படுத்தட்டும். மூன்றாவது முடிந்ததும் வைத்துக்கொள்வதா, விடுவதா என்று கேளுங்கள். அதிகம் பேசாதவரிடம் முதலில் கேளுங்கள். எல்லாத் திருத்தங்களும் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத தெலுங்கு, கன்னட நண்பர் இருந்தால் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஓவர்டைம் ஆகி, சண்டை தொடங்கிய பிறகு வந்து சேருபவர். அவர் வரும்வரை அவருடைய பாத்திரத்தை வேறு யாரும் ஆட வேண்டாம். அது வரைபடத்துக்கு வெளியே, காவலுக்கோ குதிரையைப் பார்க்கவோ போயிருக்கிறது என்று வையுங்கள். சண்டையை நாலு பேருக்கென்று அமைத்திருங்கள். அவர் உட்கார்ந்ததும் இனிஷியேட்டிவ் உருட்டி, அடுத்த சுற்றில், அவரே தேர்ந்தெடுக்கும் வரைபட ஓரத்திலிருந்து உள்ளே வரட்டும். அவருக்காக எதிரியைக் கூட்டாதீர்கள். ஐந்தாவது ஆள் வந்ததால் சண்டை எளிதாகிறது என்றால், அந்த உதவி மேசைக்குக் கிடைக்கட்டும்.